கம்பி வடம் கற்பித்த பாடம்



பழைய மோட்டார் வண்டி ஒன்றின் பின் அச்சைக் கழற்றும்போது கைப்பிறேக்கின் கம்பி வடங்களை எவ்வாறு நீக்குவது என்பதே இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள். இதனைக் கேட்டதும் உங்களுட் சிலர் வியப்படையக்கூடும். முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்று கணிதமும் விஞ்ஞானமும் கற்பித்து, அதிபராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவனுக்கு வண்டிப் பட்டறையில் என்ன வேலை என்று எண்ணக்கூடும். நான் பட்டறைத் தொழிலாளியல்லன். ஆயினும், என் வாழ்க்கையில் நான் செய்த பெரும்பிழை ஒன்று அந்தக் கம்பி வடத்தோடு பிணைந்து கிடக்கிறது. பிறருடைய பிழைகளைச் சிவப்பு மையினால் திருத்தியே வாழ்நாளைக் கழித்தவன், தன் பிழை ஒன்றையேனும் மாணவர் முன் வைத்தல் முறையன்றோ?

தெரிந்த பொருளிலிருந்து தெரியாத பொருளுக்குச் செல்க என்பது ஆசிரிய கலாசாலையில் எங்களுக்குக் கற்பித்த முதற் பாடங்களுள் ஒன்று. ஆகவே நீங்கள் நன்கறிந்த சைக்கிளிலிருந்து தொடங்குவோம்.

பழைய சைக்கிள்களில் இரும்புத் தண்டுகளே பிறேக்கை இழுத்தன. இன்றைய சைக்கிள்கள் பலவற்றில், கைப்பிடியிலிருந்து ஒரு கறுத்த உறை வளைந்து சென்று சில்லின் அருகே முடிவதைக் காண்பீர்கள். அவ்வுறையினுள்ளே முறுக்கிய உருக்குக் கம்பி ஒன்று கிடக்கிறது. உறை அசையாது நிற்க, உள்ளேயுள்ள கம்பி மாத்திரம் இழுபடும். 1896ஆம் ஆண்டில் ஏர்னஸ்ட் போடன் என்பவர் பிரித்தானியாவிலே காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இதன் சிறப்பு யாது? தண்டு நேர்கோட்டிலேதான் இழுக்கும். வடமோ வளைந்து சென்றும் இழுக்கும். இழுக்கப்படும் பொருள் அசைந்துகொண்டிருந்தாலும் வடம் அதனோடு அசைந்து கொடுக்கும். இந்த ஒரு குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என் வண்டிக்கு வருகிறேன். அது 1958ஆம் ஆண்டுச் செய்கையான மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியல் அறிஞரின் தலைமையில் அமைக்கப்பட்ட இவ்வகை வண்டி, 1948ஆம் ஆண்டில் இலண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் முன் வைக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டின் இறுதியில் பத்து இலட்சமாவது வண்டி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. பிரித்தானிய வண்டிகளுள் இவ்வெண்ணிக்கையை முதலில் எட்டியது இதுவேயாகும். 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிறுத்தப்படுமுன் ஏறத்தாழப் பதினாறு இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டுவிட்டன. அவற்றுட் பல இலங்கைக்கும் வந்தன. எங்கள் வண்டியை என் தந்தையார் 1964ஆம் ஆண்டில் இரண்டாங் கையாக வாங்கினார். நான் கல்வி கற்றதும், என் தமக்கை மணம் முடித்துச் சென்றதும் அவ்வண்டியிலேதான்.

யாழ்ப்பாணத்து மக்களுக்கு இத்தகைய வண்டிகள்மீது தனிப்பற்று உண்டு. 1990ஆம் ஆண்டின் பின் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அக்காலத்தில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தை இயக்குவர்; அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். வெண்புகையைக் கக்கிக்கொண்டு அவை நோயாளரையும் மணமக்களையும் சுமந்து சென்றன. புதிய உதிரிப் பாகங்கள் கிடைக்கா. கிடைத்தாலும் ஆசிரியன் ஒருவனின் சம்பளத்திற்கு எட்டா. ஆகவே உரியவரே தம் வண்டியைப் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டனர். நானும் அவ்வாறு கற்றவனே.

ஒரு மொறிஸ் மைனரை நிறுத்துவதற்கு இருவகை ஏற்பாடுகள் உண்டு. முதலாவது காற்பிறேக். மிதியை அழுத்தினால் ஒரு திரவம் மெல்லிய குழாய்களின் வழியே நான்கு சில்லுகளுக்கும் அழுத்தத்தைக் கொண்டு செல்கிறது. மூடிய கலத்திலுள்ள திரவத்தில் ஓரிடத்திற் கொடுத்த அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாது பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதியை நீங்கள் பாடத்திற் படித்திருப்பீர்கள். அவ்விதியே இங்குத் தொழிற்படுகிறது. ஆனால் இப்பழைய வண்டியில் நான்கு சில்லுகளுக்கும் திரவத் தொகுதி ஒன்றே. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சில்லுகளும் ஒருங்கே பிடியை இழக்கும்.

இரண்டாவது கைப்பிறேக். முன் இருக்கைகள் இரண்டுக்கும் நடுவே ஒரு பிடி இருக்கும். அதன் அடியிலிருந்து இரண்டு கம்பி வடங்கள் புறப்பட்டு, ஒன்று இடப்பின் சில்லுக்கும் மற்றது வலப்பின் சில்லுக்கும் செல்கின்றன. பிடியை உயர்த்தினால் வடங்கள் இழுபட்டு, டிறம்மினுள்ளே இருக்கும் பிறேக் ஷூக்களை விரிக்கும். இங்கே திரவம் இல்லை, ஒழுகிப்போக ஏதுமில்லை. பற்சட்டத்தில் மாட்டிய பிடி, நாம் விடுவிக்கும் வரை அப்படியே நிற்கும். நிறுத்திய வண்டியைக் காப்பது இது. காற்பிறேக் கைவிட்ட வேளையில் எஞ்சியிருக்கும் கடைசித் துணையும் இதுவே.

கைப்பிறேக்கின் பிடி வண்டியின் உடலோடு பொருந்தியது. பின் சில்லுகளோ அச்சின் நுனியில் உள்ளன. அச்சு வில்தகடுகளின் மேல் தங்கி, பாதையின் மேடுபள்ளத்திற்கேற்ப ஏறியிறங்குகிறது. அசையாத உடலையும் அசையும் அச்சையும் இணைத்து இழுப்பதற்கு வளையும் வடமே ஏற்றது. முன்னே நினைவில் வைக்கச் சொன்ன குணம் இங்கே பயன்படுவதைக் கண்டீர்களா? அச்சைக் கழற்றுமுன் வடங்களை ஏன் நீக்கவேண்டும் என்பதற்கும் விடை இதிலேயே அடங்கியிருக்கிறது. வடம் இழுப்பதற்காகச் செய்யப்பட்டது, தூக்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. வடங்களை நீக்காது அச்சை இறக்கினால், இரும்பினாலான அதன் பாரம் முழுவதும் அந்த மெல்லிய வடத்தில் தொங்கிவிடும்.

வடத்தைப் பற்றி இன்னொரு செய்தியையும் சொல்லவேண்டும். ஜெர்மனி நாட்டின் ஹார்ஸ் மலைப்பகுதியிலுள்ள சுரங்கங்களில் முற்காலத்தில் இரும்புச் சங்கிலியாற் பாரம் தூக்கினர். சங்கிலியில் ஒரு கண்ணி உடைந்தால் போதும். முன்னறிவிப்பு ஏதுமின்றிப் பாரம் முழுவதும் கீழே விழும். இதனைக் கண்டு வருந்திய வில்ஹெல்ம் அல்பேர்ட் என்னும் சுரங்க அதிகாரி, 1834ஆம் ஆண்டில் இரும்புக் கம்பிகளை முறுக்கி வடம் செய்தார். நான்கு கம்பிகள் கொண்ட புரி மூன்று. ஆக மொத்தம் பன்னிரண்டு கம்பிகள். அவற்றுள் ஒன்று அறுந்தால் மற்றவை பாரத்தைத் தாங்கும். அறுந்த கம்பியின் நுனி வெளியே நீட்டிக்கொண்டு, "என்னைக் கவனி" என்று கூறும். ஆம், மாணவர்களே, கம்பி வடம் திடீரென்று சாவதில்லை. அது முன்னரே சொல்லிவிட்டுத்தான் அறுகிறது. கேட்பதற்கு ஆள் வேண்டும், அவ்வளவே.

2001ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என் வண்டியின் பின் அச்சுக் கூட்டில் ஒரு வெடிப்புத் தோன்றி எண்ணெய் ஒழுகியது. அச்சை முழுவதாகக் கழற்றி ஒட்டு வேலைக்காரரிடம் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. வீட்டு முற்றத்து மாமர நிழலில் வேலையைத் தொடங்கினேன். எனக்குத் துணையாக வந்தவன் பதினோராம் வகுப்பில் என்னிடம் கற்ற மாணவன் ஒருவன். அவனுடைய தந்தையார் முன்னர் வண்டி திருத்தும் தொழில் செய்தவர். பையன் பேசுவது குறைவு. ஆனால் ஒரு நட்டை விரலால் தொட்ட மாத்திரத்தில் எந்த அளவுச் சாவி வேண்டும் என்று அறிந்துவிடுவான்.

நாங்கள் இருவரும் சில்லுகளைக் கழற்றினோம். அச்சுக்குத் திரவம் கொண்டுசெல்லும் இறப்பர்க் குழாயைப் பிரித்தோம். உந்துதண்டு அச்சோடு பொருந்தும் இடத்திலுள்ள நான்கு போல்ட்டுகளையும் எடுத்தோம். அதிர்ச்சி தாங்கிகளின் இணைப்பை விடுவித்தோம். இனி எஞ்சியவை கைப்பிறேக் வடங்களும், அச்சை வில்தகட்டோடு சேர்த்துக் கட்டியிருக்கும் யூ வடிவப் போல்ட்டுகளுமே.

வடம் சில்லின் பக்கத்திலே கவை போன்ற ஒரு முனையில் முடிகிறது. அக்கவை பிறேக்கின் சிறு நெம்பைப் பற்றிக்கொள்ளும். இரண்டையும் துளைத்துக்கொண்டு ஒரு சிறு முளை செல்லும். முளை கழன்று விழாதபடி இருகாலாகப் பிரிக்கப்பட்ட ஒரு மெல்லிய கம்பி அதன் நுனியில் மாட்டியிருக்கும். இதனைப் பட்டறையில் ஸ்பிளிற் பின் என்பர். வலப்பக்கத்து முளை எளிதாக வந்தது. இடப்பக்கத்து முளை துருவேறி இறுகிக் கிடந்தது.

"சேர், மண்ணெண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டா, காலமை தானாக் கழரும்" என்றான் பையன்.

மறுநாள் காலையில் ஒட்டு வேலைக்காரர் எனக்கு நேரம் கொடுத்திருந்தார். எனக்குப் பொறுமையில்லை. "வடம் நீளமாகத்தானே இருக்கிறது, அச்சை இறக்கிவிட்டுப் பிறகு பார்க்கலாம்" என்று கூறி, யூ போல்ட்டுகளைக் கழற்றி, அச்சை ஜாக்கியின் மேல் இறக்கத் தொடங்கினேன். அரைவாசி இறங்கியபோது ஜாக்கி சாய்ந்தது. அச்சின் பாரம் ஒரு கணம் இடப்பக்க வடத்திலே தொங்கிற்று. உறையின் வாயருகே வடம் முழங்கைபோல் மடங்கியது. நாங்கள் பாய்ந்து அச்சைத் தாங்கினோம். இருவரின் காலுக்கும் தீங்கு நேராதது எங்கள் நற்பேறே.

மூன்று நாட்களின் பின் அச்சு ஒட்டப்பட்டு வந்தது. எல்லாவற்றையும் திரும்பப் பூட்டும்போது, பையன் ஒரு பழந்துணியை மண்ணெண்ணெயில் நனைத்து இடப்பக்க வடத்தைத் துடைத்தான். மடங்கிய இடத்திலே துணி சிக்கிற்று, நூல் இழுபட்டது. குனிந்து பார்த்துவிட்டு அவன் சொன்னான்:

"சேர், இதிலை நாலைஞ்சு நார் அறுந்திருக்கு."

அவன் கூறியது உண்மை என்பது எனக்கு உடனே விளங்கியது. வடத்தைக் கெடுத்தவன் நான் என்பதும் விளங்கியது. முந்திய நாளே அவன் சொல்லைக் கேட்டிருந்தால் இது நேர்ந்திராது என்பதும் விளங்கியது. அந்த மூன்றாவது விளக்கமே என்னால் தாங்க முடியாததாயிற்று.

"நாலு நார் போனால் என்ன, மிச்சம் இருக்கிறதுதானே! யாழ்ப்பாணத்தில் மலையா இருக்கிறது? அதிகம் கதையாமல் வேலையைப் பார்" என்றேன்.

பையன் தலை குனிந்து வடத்தைப் பூட்டினான். அதன்பின் அதைப்பற்றி அவன் பேசவில்லை. நான் வடத்திற்குக் கொழுப்புப் பூசினேன். அறுந்த நுனிகள் கொழுப்பினுள் மறைந்தன. அத்துடன் என் மனச்சான்றும் மறைந்தது.

இங்கே கணித ஆசிரியன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். பன்னிரண்டு கம்பிகள் சேர்ந்து தாங்கும் பாரத்தில், நான்கு அறுந்தபின் எஞ்சிய ஒவ்வொன்றும் தாங்கவேண்டிய பங்கு எவ்வளவு? முன்னைய பங்கில் ஒன்றரை மடங்கு. ஒன்றரை மடங்கு பாரம் தாங்கும் கம்பி விரைவிற் களைத்து அறும். அது அறுந்தபின் மற்றவற்றின் பங்கு இன்னும் கூடும். இவ்வாறு கேடு வளரும்போது அதன் வேகமும் வளர்கிறது. என் வண்டியின் வடத்தில் அல்பேர்ட்டின் வடத்திலும் பார்க்கக் கூடுதலான மெல்லிய கம்பிகள் இருந்தன. எண் வேறாயினும் கணக்கு ஒன்றே. இதனை வகுப்பிற் கற்பித்தவன் நான். மிச்சம் இருக்கிறதுதானே என்று கூறியவனும் நானே.

யாழ்ப்பாணக் குடாநாடு மேசைபோலச் சமமான தரை. வண்டியை எங்கு நிறுத்தினாலும் அது அங்கேயே நிற்கும். கைப்பிறேக்கை இழுப்பதும் இழுக்காததும் அங்கு ஒன்றே. ஒன்றரை ஆண்டுக்கு மேலாக வண்டி குறைவின்றி ஓடிற்று. நான் கூறியதே சரி என்று எண்ணி, அந்த வடத்தை அடியோடு மறந்துவிட்டேன்.

2002ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், நீண்ட காலம் மூடிக்கிடந்த கண்டி வீதி போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. அந்த ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில், ஹற்றனிலுள்ள உறவினர் வீட்டுத் திருமணத்திற்காக நானும் என் மனைவியும் அவ்வண்டியிலேயே புறப்பட்டோம். முதல் நாள் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடிக் கண்டியை அடைந்தோம். மறுநாள் மலை ஏறினோம். கடல் மட்டத்தில் வாழ்ந்த வண்டி 1,200 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தை அடைந்தது. என் உள்ளம் பெருமிதத்தால் நிறைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை, பிற்பகல் ஒன்றரை மணி கடந்திருக்கும். ஹற்றனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டப் பாதையில் வழி தவறிவிட்டோம். பாதை சரிவாக இறங்கிற்று. வழி கேட்பதற்காக வண்டியை நிறுத்தினேன். இயந்திரத்தை அணைக்கவில்லை. கியரை நடுநிலையில் விட்டு, கைப்பிறேக்கை முழுவலிமையோடும் இழுத்துவிட்டு இறங்கினேன். மலைநாட்டவர் சரிவில் வண்டியை நிறுத்தினால் இயந்திரத்தை அணைத்துக் கியரில் விடுவர். சில்லுக்குக் கல்லும் வைப்பர். சமதரையிற் பழகிய எனக்கு அவ்வழக்கம் இல்லை.

நான் நான்கடி நடந்திருப்பேன். அடியிலிருந்து ஒரு சிறு ஓசை எழுந்தது. வீணையின் தந்தி அறுந்தாற்போன்ற ஓசை. திரும்பிப் பார்த்தேன். வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. இடப்பக்க வடம் அறுந்துவிட்டது. வலப்பக்க வடமோ சரிவர இறுக்கப்படாதது. அதன் அரைப்பிடியால் வண்டியைத் தடுக்க இயலவில்லை. உள்ளே என் மனைவி. கீழே, பாதையின் வளைவில், பாடசாலை விட்டு வீடு திரும்பும் சிறுமிகள் ஏழெட்டுப் பேர்.

நான் கத்தினேன். ஓடிக் கதவைப் பற்றினேன், கைநழுவிற்று. சிறுமிகள் வீறிட்டுக்கொண்டு மேட்டுப் பக்கம் பாய்ந்தனர். அவர்களுள் மிகச் சிறியவள் புத்தகப் பையைப் போட்டுவிட்டுப் பாய்ந்தாள். வண்டியின் சில்லு அப்பையின்மேல் ஏறிச் சென்றது. பின்னர் இடப்பக்கமாகத் திரும்பி, முன் சில்லு வடிகாலில் இறங்க, வண்டி சாய்ந்து நின்றது.

எவருக்கும் காயமில்லை. இதனை இன்று ஒரே வாக்கியத்திற் கூறிவிடுகிறேன். ஆனால் அன்று அதனை உறுதி செய்துகொள்ளும்வரை ஒவ்வொரு சிறுமியின் முகத்தையும் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டு நின்றேன். தோட்டத் தொழிலாளர்கள் ஓடிவந்து வண்டியைத் தூக்கிவிட்டனர். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தாய் ஒருத்தி, கூடையோடு வந்து தன் மகளை அணைத்துக்கொண்டாள். நான் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். "புள்ளைக்கு ஒண்ணும் ஆகலீங்களே ஐயா, அது போதும்" என்றாள் அவள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

சகதியிற் கிடந்த பையை எடுத்தேன். உள்ளே ஒரு கணிதப் பயிற்சிப் புத்தகம். அதன் நடுவே சில்லின் தடம். அடுத்த நாள் பையும் புத்தகங்களும் வாங்கிக் கொடுத்தேன். அவள் வெட்கத்தோடு வாங்கிக்கொண்டாள். அவ்வளவு எளிதாகத் தீர்க்கக்கூடிய கடனாக அது அமைந்தது யாருடைய நல்வினையோ அறியேன்.

ஊர் திரும்பியதும் என் மாணவனைத் தேடிச் சென்றேன். அவன் பரீட்சையிற் சித்தியெய்தி உயர்தர வகுப்பிற் படித்துக்கொண்டிருந்தான். அறுந்த வடத்தை அவன் கையிற் கொடுத்து, நடந்தவற்றைச் சொல்லி, "நீ சொன்னாய், நான் கேட்கவில்லை. பிழை என்னுடையது" என்றேன். அவன் வடத்தின் நுனியை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தான். சில கம்பிகளின் முனை துருப்பிடித்துக் கறுத்திருந்தது. சிலவற்றின் முனை புதிதாய் மின்னிற்று. கறுத்தவை என்றோ அறுந்தவை. மின்னியவை மலையில் அறுந்தவை. நீண்ட நேரம் அவன் ஒன்றும் பேசவில்லை. பின்னர் மெல்லச் சொன்னான்:

"நான் இன்னொருக்காச் சொல்லியிருக்க வேணும் சேர். ஒருக்காச் சொல்லிப்போட்டு விட்டிட்டன்."

கொழும்பிலிருந்து இரண்டு புதிய வடங்களை வருவித்து, நாங்கள் இருவரும் மீண்டும் வேலை செய்தோம். இம்முறை அவன் ஆசிரியன், நான் மாணவன். அவன் காட்டிய முறையை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலாவதாக, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கவேண்டும். கைப்பிறேக் பின் சில்லுகளை மாத்திரமே பிடிப்பது. பின் சில்லுகளைத் தரையிலிருந்து உயர்த்திய கணமே அதனாற் பயனில்லை. உயர்த்திய வண்டியின் உடலை உறுதியான தாங்கிகளின் மேல் இருத்தவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டியின் கீழே செல்லலாகாது.

இரண்டாவதாக, கைப்பிறேக்கை முற்றாக விடுவித்து, பிடியின் அடியில் இரு வடங்களையும் இறுக்கியிருக்கும் நட்டுகளைத் தளர்த்தவேண்டும். தளர்த்துமுன் ஒவ்வொன்றிலும் எத்தனை புரி வெளியே தெரிகிறது என்று குறித்துக்கொள்வது நன்று. பின்னரே சில்லின் பக்கத்து ஸ்பிளிற் பின்னை நீக்கி, முளையை எடுக்கவேண்டும். முளை இறுகியிருந்தால் எண்ணெய் விட்டுப் பொறுத்திருக்கவேண்டும். ஓர் இரவு பொறுப்பது ஒரு வடத்தைக் கெடுப்பதிலும் மலிவானது.

மூன்றாவதாக, இடம் எது, வலம் எது என்று அடையாளமிட்டு, வடங்களை நசுங்காதவாறு கயிற்றாற் கட்டி ஒதுக்கவேண்டும். உந்துதண்டின் இரு முகங்களிலும் கோடிட்டுக்கொண்டால் முன்னிருந்த நிலையிலேயே திரும்பப் பூட்டலாம். பிரித்த திரவக் குழாயின் வாயைத் தூசி புகாது அடைக்கவேண்டும். உடலுக்கும் அச்சுக்கும் இடையே இனி எத்தொடர்பும் இல்லை என்று கண்ணாற் கண்டபின்பே அச்சை இறக்கவேண்டும்.

நான்காவதாக, திரும்பப் பூட்டும்போது வடத்தை முழு நீளமும் துணியால் துடைத்துப் பார்க்கவேண்டும். துணி சிக்கினால் அவ்வடத்தை மாற்றவேண்டும், வேறு வழியில்லை. ஸ்பிளிற் பின் ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்கவேண்டும். திரவக் குழாயைப் பூட்டியபின் உட்புகுந்த காற்றை வெளியேற்றவேண்டும். முதலில் டிறம்மினுள்ளே ஷூக்களைச் சரிசெய்து, அதன் பின்னரே வடத்தை இறுக்கவேண்டும். ஷூ தேய்ந்த குறையை வடத்தை இறுக்கி மறைப்பது பிழை. பிடியைச் சில பற்கள் உயர்த்தி, பின் சில்லுகள் இரண்டையும் கையாற் சுழற்றிப் பார்த்தால், இரண்டும் ஒரே அளவாக எதிர்க்கவேண்டும். ஒன்று இறுகி மற்றது தளர்ந்திருந்தால் வேலை முடியவில்லை என்பது பொருள்.

மாணவச் செல்வங்களே, உங்களுட் பலர் பழைய வண்டியின் பின் அச்சை ஒருநாளும் கழற்றப் போவதில்லை. ஆயினும் உங்கள் வீட்டிலும் வகுப்பறையிலும், நாளை நீங்கள் பணிபுரியப்போகும் மருத்துவமனையிலும் பாலத்திலும் அலுவலகத்திலும், நார் அறுவதை முதலிற் காண்பவர் பெரும்பாலும் இளையவரே. துணியைக் கையிற் பிடித்துத் துடைப்பவர் அவரன்றோ? கண்டால் சொல்லுங்கள். மரியாதையோடு சொல்லுங்கள். கேளாவிட்டால் மறுநாளும் சொல்லுங்கள். கேட்கக்கூடிய வேறொருவரிடமும் சொல்லுங்கள். பெரியவர் அதட்டிவிட்டார் என்பதனால் அறுந்த நார் பொருந்திவிடாது.

இவ்வுரையைக் கேட்கும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு சொல். என் மாணவன் தன்மேல் ஏற்றுக்கொண்ட பழியில் ஒரு பங்கையும் நான் ஒப்பவில்லை. பதினாறு வயதுப் பிள்ளை ஒருமுறை வாய்திறந்து சொன்னதே பெரிது. இரண்டாம் முறை சொல்லும் துணிவை அவனிடமிருந்து பறித்தவன் நான். பிள்ளைகள் நம் முன்னே பேசாதிருந்தால், குறை இல்லை என்று மகிழவேண்டா. நம் கொழுப்பினுள் எத்தனை நார்கள் மறைந்துள்ளன என்று தேடிப் பார்ப்போம்.

பின்னாளில் நான் அதிபரானபோது, அந்த அறுந்த வடத்தை என் மேசையின்மேல் வைத்திருந்தேன். வருவோர் பலர் அது என்னவென்று கேட்பர். ஏதேனும் சொல்ல வந்து தயங்கி நிற்கும் மாணவரையோ இளைய ஆசிரியரையோ காணும்போது, என் கண் முதலில் அதன்மேற் செல்லும். பின்னர், "இருங்கள், சொல்லுங்கள்" என்பேன். அதிபர் நாற்காலியிலிருந்து நான் செய்த பணிகளுள் இதனைவிடப் பயனுள்ளது வேறொன்று உண்டென்று நான் கருதவில்லை.

அந்த மாணவன் இன்று பொறியியலாளனாக இருக்கிறான். வண்டியும் இன்னும் ஓடுகிறது. ஆண்டுக்கொருமுறை அவன் ஊருக்கு வரும்போது, மாமர நிழலில் வண்டியை உயர்த்திவைத்து, ஒரு பழந்துணியால் இரு வடங்களையும் நாங்கள் துடைத்துப் பார்க்கிறோம்.